மாதிரி புரோகிராமைக் கெடுத்துப் பழகுங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள். பெட்டியைப் பிரித்து, ஒயர்களை மாட்டி, ஆன் செய்தாகிவிட்டது. ஸ்கிரீனில் அழகான படம் தெரிகிறது. அடுத்து என்ன?

பெரும்பாலான வீடுகளில் அடுத்தது சினிமா. பிறகு பாட்டு. பிறகு கேம்ஸ். "பிள்ளை படிப்புக்காகத்தான் கடன் வாங்கி வாங்கினோம்" என்று சொன்ன பெற்றோரே ஆறு மாதம் கழித்து, "எந்நேரமும் அது முன்னாடியே உட்கார்ந்திருக்கான், ஒன்றும் கற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லையே" என்று புலம்புகிறார்கள். தவறு பிள்ளையுடையது அல்ல. பிரித்துப் பார்க்க, மாற்றிப் பார்க்க அந்தப் பெட்டியில் எதையும் நாம் வைத்துத் தரவில்லை. அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய கம்ப்யூட்டரில் உங்கள் பிள்ளைக்கு முதலில் தர வேண்டியது பத்து வரி மாதிரி புரோகிராம் ஒன்று. அதை மனப்பாடம் செய்யச் சொல்லித் தரக் கூடாது. மாற்றிக் கெடுத்துப் பார் என்று சொல்லித் தர வேண்டும். நாற்பது வருடங்களுக்கு முன் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் இதைத்தான் செய்தன. இன்றைய கம்ப்யூட்டர்கள் அவற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமானவை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பின்தங்கியிருக்கின்றன.

ஆன் செய்தால் பேசிக்

பிரிட்டனில் ஏக்கார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் 'பி.பி.சி. மைக்ரோ' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில் 'மாடல் பி' என்ற வகையின் மெமரி 32 கே.பி. மட்டுமே. இன்று உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ 3 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், அதுவே அந்த மெமரியைப் போல சுமார் நூறு மடங்கு!

அதை ஆன் செய்தால் விண்டோஸ் வராது, ஐகான்கள் வராது. 'பீப்' என்று ஒரு சத்தம். 'பேசிக்' என்ற வார்த்தை. அதன் கீழே ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான். நீங்கள் ஏதாவது டைப் செய்து என்டர் தட்டும் வரை அது சும்மா காத்திருக்கும். அதாவது, புரோகிராம் எழுதுவதுதான் அந்த இயந்திரத்தின் முதல் ஸ்கிரீன்.

பேசிக் மொழி அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 1964-ல் பிறந்தது. ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள், கணிதமோ அறிவியலோ முதன்மைப் பாடமாகப் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டும் என்று உருவாக்கினார்கள். பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் கம்ப்யூட்டருக்கு ஏற்ப அதை மாற்றிக்கொண்டது. தஞ்சாவூர்த் தமிழ், நெல்லைத் தமிழ் என்பதுபோல பேசிக்கிலும் பல வட்டார வழக்குகள் உண்டு. பி.பி.சி. மைக்ரோவுக்கான பி.பி.சி. பேசிக்கை எழுதியவர் ஸோஃபி வில்சன். இன்று நம் செல்போன்களுக்குள் இருக்கும் ஆர்ம் புராசஸரின் கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தவரும் இவர்தான்.

கம்ப்யூட்டருடன் 'வெல்கம்' என்ற கேசட் ஒன்றும் வந்தது. அதில் முழுக்க மாதிரி புரோகிராம்கள். ஒன்றை ஓடவிட்டு விளையாடலாம். பிறகு எஸ்கேப் கீயை அழுத்தி 'லிஸ்ட்' என்று அடித்தால், அந்த புரோகிராமின் வரிகள் அத்தனையும் ஸ்கிரீனில் ஓடும். பிடிக்காத வரியை மாற்றி மறுபடி ஓடவிடலாம். பூட்டு கிடையாது, ரகசியம் கிடையாது.

நதி மாறிய கதை

அந்த கேசட்டில் 'கிங்டம்' என்று ஒரு விளையாட்டு. சீனாவின் மஞ்சள் நதிக்கரை கிராமங்களை நீங்கள் ஆள வேண்டும். எத்தனை பேரை ஆற்றங்கரையைப் பலப்படுத்த அனுப்புவது, எத்தனை பேரை வயலுக்கு அனுப்புவது, எத்தனை பேரைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து ஊரைக் காக்க நிறுத்துவது, எவ்வளவு நெல் விதைப்பது - இதையெல்லாம் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கரையை விட்டால் வெள்ளம். வயலை விட்டால் பட்டினி.

இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1964-ல் நியூயார்க் மாநிலத்தில் மேபல் ஆடிஸ் என்ற பள்ளி ஆசிரியை, ஐ.பி.எம். புரோகிராமர் வில்லியம் மெக்கேயுடன் சேர்ந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 'சுமேரியன் கேம்' என்று ஒன்றை உருவாக்கினார். பழைய சுமேரிய நகரமான லகாஷின் அரசராக இருந்து தானியத்தைப் பங்கிடுவது விளையாட்டு. இதைப் பற்றிக் கேள்விப்பட்ட டக் டைமென்ட் என்பவர் 1968-ல் ஃபோகல் என்ற மொழியில் சிறியதாக ஒன்றை எழுதினார். டேவிட் ஆல் அதை பேசிக்குக்கு மாற்றி, 1973-ல் 101 பேசிக் விளையாட்டுகள் அடங்கிய தன் புத்தகத்தில் 'ஹமுராபி' என்ற பெயரில் அச்சிட்டார். படித்தவர்கள் வரி வரியாக டைப் செய்தார்கள், தங்களுக்குப் பிடித்தபடி மாற்றினார்கள். மஞ்சள் நதி விளையாட்டும் அதே வம்சம்தான்.

மாதிரி புரோகிராம் என்பது இப்படித்தான் உயிர் வாழ்கிறது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் மாற்றுகிறார். மெசபடோமியாவில் தொடங்கிய விளையாட்டு மஞ்சள் நதிக்குப் போயிற்று. காவிரிக்கு ஏன் வரக்கூடாது?

இந்தியாவுக்கு வந்தது

அதே பி.பி.சி. மைக்ரோ நம் நாட்டுக்கும் வந்தது. 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது இந்தக் கம்ப்யூட்டரைத்தான். மொத்தம் சுமார் 12,000 கம்ப்யூட்டர்கள் மாநில அரசுகள் வழியாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் போயின. மத்திய அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ஏக்கார்னின் உரிமம் பெற்று இதை 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. வீடுகளுக்கு வேறொன்று வந்தது. பிரிட்டனின் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பிளஸ் கம்ப்யூட்டரை 1986-ல் டெசிபெல்ஸ் நிறுவனம் 'டி.பி. ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்று விற்றது. அதுவும் ஆன் செய்தால் பேசிக்தான்.

இயந்திரம் வந்தது. ஆனால் மாதிரிகளை மாற்றும் பழக்கம் அதே வேகத்தில் வரவில்லை என்பது என் எண்ணம். பள்ளிகளில் பயன்பட்ட பல புரோகிராம்கள் பிரிட்டனில், அங்குள்ள பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றைத் திறந்து, நம் ஊர்ப் பெயரைப் போட்டு, நம் கணக்கைப் போட்டு மாற்றத் துணியும்போதுதான் கம்ப்யூட்டர் நம்முடையதாகிறது. வகுப்பறையில் அதற்கு ஏது நேரம்?

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நான் படித்த கல்லூரியில் லேப் தேர்வுக்குப் பன்னிரண்டு புரோகிராம்கள். ரெக்கார்டு நோட்டில் உள்ளதைப் புள்ளி பிசகாமல் டைப் செய்தால் முழு மார்க். என் நண்பன் ஒருவன் அதே கணக்கை வேறு வழியில் எழுதினான். விடை சரியாகவே வந்தது. "ரெக்கார்டில் இப்படி இல்லையே" என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். அன்று முதல் அவனும் மனப்பாடம்தான். மாதிரி என்பதை மந்திரமாக்கிவிட்டால், ஓதத்தான் தெரியும். புதிதாக ஒன்றைச் செய்யத் தெரியாது.

ஒன்பது வரியில் ஒரு கடைமடை

சரி, பேச்சு போதும். ஒரு மாதிரியைப் பார்ப்போம். நான் காரைக்கால்காரன். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் சுமார் 160 சதுர கிலோமீட்டர். நிர்வாகம் புதுச்சேரி, தண்ணீர் காவிரி. அரசலாறு, நண்டலாறு, திருமலைராஜனாறு எல்லாம் இங்கேதான் கடலைத் தேடுகின்றன. எங்களுக்கு இரண்டு பயம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் கரை தாங்குமா? கோடையில் மேட்டூர் அணையைத் திறந்தால் தண்ணீர் கடைமடை வரை வருமா? இந்த இரண்டு பயத்தையும் புரோகிராமுக்குள் கொண்டுவரலாம்.

கட்டளைகளைப் படிப்பதற்கு வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் டைப் செய்யும்போது எல்லாவற்றையும் ஆங்கில கேபிடல் எழுத்துகளில் அடியுங்கள்.

10 நெல் = 50
20 பிரிண்ட் "கையிருப்பு மூட்டை ", நெல்
30 இன்புட் "கரைக்கு எத்தனை ஆள்", கரை
40 மழை = ஆர்என்டி(10)
50 விளைச்சல் = (20 - கரை) * 3
60 இஃப் மழை > கரை தென் விளைச்சல் = விளைச்சல் / 3
70 நெல் = நெல் + விளைச்சல் - 30
80 இஃப் நெல் > 0 தென் கோட்டோ 20
90 பிரிண்ட் "களஞ்சியம் காலி"

டைப் செய்து முடித்ததும் 'ரன்' கொடுங்கள். ஊரில் 20 ஆட்கள், களஞ்சியத்தில் 50 மூட்டை நெல். கரை காக்க எத்தனை ஆள் என்று கம்ப்யூட்டர் கேட்கும். மீதிப் பேர் வயலுக்குப் போவார்கள். ஆளுக்கு மூன்று மூட்டை விளையும். 40-வது வரியில் வரும் ஆர், என், டி என்ற மூன்று எழுத்துதான் வருண பகவான். 1 முதல் 10 வரை ஏதாவது ஓர் எண்ணை அது குலுக்கிப் போடும். அந்த எண் கரையில் நிற்கும் ஆட்களைவிட அதிகமானால் கரை உடையும். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஊர் ஆண்டுக்கு 30 மூட்டை சாப்பிடும்.

கரைக்கு 8 பேர் என்று கொடுங்கள். மழை 3 வந்தால் விளைச்சல் 36, கையிருப்பு 56 ஆகும். மழை 9 வந்தால் விளைச்சல் 12, கையிருப்பு 32-க்கு இறங்கும். 10 பேரை நிறுத்தினால் கரை ஒருபோதும் உடையாது. ஆனால் கையிருப்பு 50-லிருந்து ஏறவே ஏறாது. ஆட்டம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்கேப் அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். 7 அல்லது 8 பேர் என்றால் சராசரியாக ஆண்டுக்கு ஒன்றேகால் மூட்டை அளவுக்குக் கூடும். ஆனால் அடுத்தடுத்து வெள்ளம் வந்தால் களஞ்சியம் காலி. பாதுகாப்பா, லாபமா என்ற கேள்வி ஒன்பது வரிக்குள் வந்துவிட்டது பாருங்கள்!

ஒரு பெயரில் எழுத்து மாறினால், 70-வது வரியில் அப்படி ஒரு மாறி இல்லை என்று கம்ப்யூட்டரே வரி எண்ணோடு சொல்லும். கட்டளையைத் தப்பாக அடித்தால் 'மிஸ்டேக்' என்று ஒரே வார்த்தையில் சொல்லும். பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் கெட்டுப் போகாது.

கெடுத்துப் பாருங்கள்

இனிமேல்தான் பாடமே ஆரம்பிக்கிறது. மேலே உள்ளதில் மழை எவ்வளவு என்று ஸ்கிரீனில் தெரியாது. 65 என்று எண் கொடுத்து, மழையை பிரிண்ட் செய்ய ஒரு வரி சேருங்கள். 60-க்கும் 70-க்கும் நடுவே அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வரி எண்களை 1, 2, 3 என்று போடாமல் பத்து பத்தாகப் போட்டதன் காரணம் இப்போது புரிகிறதா? நடுவே இன்னொருவர் எழுத இடம் விட்டிருக்கிறது.

இந்த மாதிரியில் ஓர் ஓட்டையையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எட்டாவது படிக்கும் என் சித்தப்பா மகளிடம் இதைக் கொடுத்தபோது கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணே, கரைக்கு மைனஸ் நூறு பேருன்னு போட்டேன், நெல்லு நூத்தி நாப்பது ஆயிடுச்சு!" என்றாள். சரிதான். 20-லிருந்து மைனஸ் 100-ஐக் கழித்தால் 120 பேர் வயலில் இறங்கிவிடுகிறார்கள். விளைச்சல் 360. கரை உடைந்தும் 120 மூட்டை மிச்சம். சாப்பாட்டுக்கு 30 போக 90 கூடி, 50 மூட்டை ஒரே ஆண்டில் 140.

"இதை எப்படி அடைக்கிறது?" என்று அவளே கேட்டாள். 35 என்ற எண்ணில், கரை 0-க்குக் கீழே போனாலோ 20-க்கு மேலே போனாலோ 30-க்கே திரும்பிப் போ என்று ஒரு வரி. அவளே எழுதினாள். உள்ளே வரும் தகவலைச் சரிபார்க்காமல் ஏற்கக் கூடாது என்பது சாஃப்ட்வேர் கம்பெனிகளில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பாடம். அவள் அதை யாரும் சொல்லாமல், ஏமாற்றி விளையாடியே கற்றுக்கொண்டாள்.

பிறகு மேட்டூர். 55-வது வரியில், 1 முதல் 4 வரை குலுக்கி 1 வந்தால் விளைச்சல் பாதி என்று சேர்த்தோம். அதாவது, நான்கு ஆண்டில் ஒரு முறை தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை. இப்போது ஓடவிட்டால் கரைக்கு எத்தனை பேரை நிறுத்தினாலும் சராசரியில் நஷ்டம்தான். எது சிறந்த எண்ணோ அதைக் கொடுத்தாலும் ஆண்டுக்குச் சுமார் 2.7 மூட்டை குறைகிறது. 4 என்பதை 10 ஆக்கினோம். அப்போதும் நஷ்டம்தான், ஆனால் மிகக் கொஞ்சம். 20 ஆக்கியபோதுதான் ஊர் தலைநிமிர்ந்தது.

இவை நாங்கள் வைத்த எண்கள். உண்மையான வயலின் கணக்கு வேறு. ஆனால் காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி.யைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது, "தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, தவறாமல் வர வேண்டும்" என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. மஞ்சள் நதியை வைத்து விளையாடியிருந்தால் இது புரிந்திருக்காது.

எட்டு எண்ணில் ஒரு 'ட'

பி.பி.சி. மைக்ரோவில் தமிழ் எழுத்து கிடையாது. ஆனால் நாமே உருவாக்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டு கட்டங்கள். ஒரு வரிசைக்கு ஓர் எண். 128 என்றால் இடது ஓரக் கட்டம் மட்டும் எரியும். 255 என்றால் எட்டுக் கட்டமும் எரியும். ஏழு வரிசைக்கு 128, எட்டாவது வரிசைக்கு 255. என்ன வருகிறது? மேலிருந்து கீழே ஒரு கோடு, அடியில் ஒரு படுக்கைக் கோடு. நம் 'ட'!

முதலில் 'மோட் 4' கொடுங்கள். பிறகு 'வி.டி.யூ. 23, 224' என்று தொடங்கி அந்த எட்டு எண்களையும் கமா போட்டு எழுதி, 'வி.டி.யூ. 224' என்று அடியுங்கள். 'ட' வந்து நிற்கும். 'ப' எழுத எந்த எண்கள் வேண்டும் என்று கட்டம் போட்ட நோட்டில் வரைந்து கண்டுபிடியுங்கள். பிறகு 'ம'. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பழசு எதற்கு என்பவர்களுக்கு

"இப்போது பள்ளியிலேயே பைதான் சொல்லித் தருகிறார்களே, பேசிக் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1975-லேயே பேசிக்கைக் கடுமையாகச் சாடினார். பேசிக்கில் பழகியவர்களுக்கு நல்ல புரோகிராமிங் சொல்லித் தரவே முடியாது என்பது அவர் கட்சி. 'கோட்டோ' போட்டு அங்குமிங்கும் தாவுவது பெரிய புரோகிராம்களில் ஆபத்து என்பது உண்மைதான். அதனால்தான் பிறகு வந்த பி.பி.சி. பேசிக்கில் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து எழுதவும், 'ரிப்பீட் - அன்டில்' என்று ஒழுங்காகச் சுற்றவும் வசதி செய்தார்கள்.

வேலைக்காக பேசிக் படியுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு பைதானே படியுங்கள். மேலே உள்ள ஒன்பது வரியை பைதானிலும் எழுதலாம். எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. நான் கேட்பது மொழியை அல்ல, பழக்கத்தை.

இன்னொரு கேள்வியும் வரும். "ஏ.ஐ.யிடம் கேட்டால் பத்து வினாடியில் புரோகிராம் எழுதித் தந்துவிடுகிறதே?" தரும். அழகாகவே தரும். ஆனால் மைனஸ் நூறு பேரைக் கரைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்ற குறும்பு உங்கள் பிள்ளைக்கு இல்லை என்றால், அது எழுதித் தந்தது சரியா தப்பா என்று யார் சொல்வது? மாதிரிகள் இலவசமாகக் கொட்டும் காலத்தில், மாதிரியைச் சந்தேகப்படத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

எங்கே கிடைக்கும்?

காசு செலவழிக்க வேண்டியதில்லை. ரிச்சர்ட் ரஸ்ஸல் உருவாக்கிய 'பி.பி.சி. பேசிக் ஃபார் எஸ்.டி.எல். 2.0' இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ராஸ்ப்பெரி பை எல்லாவற்றிலும் ஓடும். மாதிரி புரோகிராம்களும் கூடவே வருகின்றன. பழைய பி.பி.சி. மைக்ரோவையே அசல் மாதிரி பார்க்க வேண்டுமானால், மேட் காட்போல்ட் எழுதிய 'ஜேஎஸ்பீப்' பிரவுசரிலேயே ஓடும். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. 'ட' எழுத்தை அதில் செய்து பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு மாதிரி புரோகிராமை டைப் செய்து காட்டினால், "சரியா ஓடுதா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "நீ இதில் எதை மாத்தினே?" என்று கேளுங்கள். உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

உங்கள் ஊரில் என்ன பிரச்னை? பஸ் நேரமா, குடிதண்ணீரா, மீன் விலையா, உப்புத் தண்ணீர் ஏறிய கிணறா? அதை இந்த ஒன்பது வரிக்குள் நுழைக்க முடியுமா என்று இன்று இரவே பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். எண்களுக்கு நடுவே நிறைய இடம் இருக்கிறது.